என் கன்னமும் ஏசி ரூம் சேரும்

என்ன வேலைன்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் என் வெசனமே இருக்குது. போன வருசம் இதே பஸ்ல இதே கேள்வியக் கேட்டிருந்தீங்கன்னா, 'பெட்ரோல் பங்க்கு மேனேஜருங்க, ஏசி ரூமு'ன்னு காலு மேல காலப் போட்டுட்டுச் சொல்லியிருப்பேன். இன்னிக்கு என்னத்தச் சொல்றது? தென்னங்கன்னுக்குத் தண்ணி உடறேனுங்க. மொதலாளியோட நர்சரி. வரிசையா வெச்சிருக்கறாங்க. ஒரு கன்னாவது 'ஏனுங்ண்ணா, ரெண்டு லிட்டரு போடுங்க'ன்னு கேக்குமுங்களா? ஊத்துனா குடிக்குது, ஊத்தாட்டிச் சும்மா நிக்குது. அதுககிட்ட நான் மேனேஜரு வேலயக் காட்டி என்ன ஆவப்போவுது?

எம்பேரு செங்கோட்டுவேலு. திருச்செங்கோட்டு ரோட்டுலதான் எங்க பங்க்கு. பம்புல நின்னு, ஆயில் மாத்தி, கேஷு பாத்து, அப்பிடியே ஒவ்வொரு படியா ஏறி அந்தச் சேருக்கு வந்தவன் நானு. சேருன்னா சாதாச் சேரு இல்லீங்க. சக்கரம் வெச்சது. கீழ ஒரு கம்பி இருக்கும், இழுத்தா ஏறும், இழுத்தா எறங்கும். மொதலாளி வந்தா எறக்கிக்குவேன், போனா ஏத்திக்குவேன். அந்தச் சேரத்தானுங்க ஒரு காலேஜு மேடம் என் கன்னத்தச் சொரண்டிப் பாத்துட்டுப் புடுங்கிக் குடுத்துட்டாங்க.

சிரிக்காதீங்க. நெசமாலுமே கன்னத்தச் சொரண்டித்தான்.

மொதல்ல கோகிலவாணியச் சொல்லிர்றேன். பம்புல நிக்கற புள்ள. வூட்டுக்காரன் லாரில வடக்க போனான்னா மாசக்கணக்குல வரமாட்டான். அது முழுவாம இருந்துச்சு. ஒரு நாளு மொதலாளிகிட்ட வந்து, "பெட்ரோலு வாசத்துக்கு ஒமட்டிக்கிட்டே இருக்குதுங்க, கொழந்த பொறக்கற வரைக்கும் என்னய உள்ள கேஷுல உக்கார வையுங்க"ன்னு கேட்டுருச்சு. உள்ள இருக்கறது ஒரே சேரு. மொதலாளி என்னயப் பாத்தாரு. நான் ஏசியப் பாத்தேன். ஏசில பாக்க என்னங்க இருக்குது? ஆனாலும் பாத்துக்கிட்டே இருந்தேன்.

எனக்கு அந்தப் புள்ள மேல ஒரு கோவமும் இல்லீங்க. தங்கமான புள்ள. என்னய 'மாமா, மாமா'ன்னுதான் கூப்புடும். அதுக்காக, மாமான்னு கூப்பிட்டவங்களுக்கெல்லாம் சேரக் குடுத்துட்டா நான் எங்க உக்கார்றதுங்க?

அந்த நேரம் பாத்துத்தான் சேலத்துல இருந்து பிரிசில்லா மேடம் வந்து நின்னாங்க. பெட்ரோலு ஆவிலயே வேல பாக்கறவங்களுக்கு ஒடம்புக்குள்ள மரபணு கெட்டுப் போவுதான்னு ஆராய்ச்சியாம். மரபணுன்னா என்னன்னு அவங்களே சொன்னாங்க. அப்பன் பாட்டன் வழியா நமக்கு வர்றதாம், மூக்கு, நெறம், வழுக்க எல்லாமே அதுலதான் இருக்குதாம். "எங்கப்பன் எனக்குக் குடுத்தது வழுக்க ஒண்ணுதானுங்க மேடம், அது கெட்டுப் போனா எனக்கு நல்லதுதான்"னேன். பம்புப் புள்ளைக எல்லாம் சிரிச்சுதுக. மேடம் சிரிக்கல. அப்பவே நெனச்சேன், இந்தம்மாகிட்ட நம்ம பருப்பு வேகாதுன்னு.

மொதலாளிக்கு இது வசதியாப் போச்சு. எல்லாரையும் கூப்புட்டு நிக்க வெச்சுச் சொல்லிட்டாரு. "மேடம் டெஸ்டு பண்ணட்டும். பம்பு ஆளுகளுக்குக் கெடுதல்னு வந்துச்சுன்னா கோகிலா உள்ள வரட்டும், வேலு வெளிய போயி டயருக்குக் காத்தடிக்கட்டும். பம்புல நிக்கறவங்களுக்கு மாஸ்க்கு, கையுற எல்லாம் நானே வாங்கித் தர்றேன். ஒண்ணுமில்லன்னு வந்துச்சுன்னா ஒருத்தரும் மூச்சு உடப்படாது, அவங்கவங்க வேலயப் பாக்கோணும்."

டயருக்குக் காத்து! இத்தன வருசம் கழிச்சு நான் குனிஞ்சு உக்காந்து சைக்கிளுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் காத்தடிக்கறதுங்களா? எங்க சம்பந்தி அந்த ரோட்டுலதானுங்க தெனம் போறாரு, வர்றாரு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

மேடம் சொன்னது என்னன்னா, ரெண்டு கூட்டம் வேணுமாம். ஒண்ணு பெட்ரோல்ல பொழங்கற கூட்டம். இன்னொண்ணு அதே வயசுல, அதே ஊருல, பெட்ரோலு பக்கமே போவாத கூட்டம். ரெண்டு பேரு கன்னத்தையும் சொரண்டிப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியுமாம். அதக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டுச்சு. நான் ஏசி ரூமு ஆளு. நான் அந்தச் சுத்தமான கூட்டத்துல சேந்துட்டா? என் கன்னமும் பம்புப் புள்ளைக கன்னமும் ஒரே மாதிரி இருந்துட்டா? அப்பறம் பெட்ரோலு மேல என்ன குத்தம் சொல்ல முடியும்? சேரு எனக்கு. எப்பிடி நம்ம மூள? நானே என்னய மெச்சிக்கிட்டேன்.

மேடம் ஒத்துக்கல. "பங்க்குக்குள்ள இருக்கறவங்கள அந்தக் கூட்டத்துல சேக்க முடியாதுங்க"ன்னாங்க. ஆனா பாருங்க, கெரகம், அவங்களுக்கு ஆளு கெடைக்கல. எதுத்தாப்புல பேங்க்குல ரெண்டு மூணு பேரு வந்தாங்க. டீக்கடைக்காரன் வாய் நெறைய பொகையில, வேண்டாம்னுட்டாங்க. ரேஷன் கடைக்காரரு மத்தியானமே தண்ணியப் போட்டுட்டு வந்து நின்னாரு. வாட்ச்மேன் ஒருத்தரு, கன்னத்துச் சதைய எடுத்துட்டுப் போயி போலீசுல குடுத்துருவாங்கன்னு ஊர விட்டே ஓடிட்டாரு. அப்பறம் என்ன பண்றது, மொதலாளியும் சொல்லிப் பாத்தாரு, கடைசில தலையாட்டிட்டாங்க.

எங்கிட்ட வெவரம் கேட்டாங்க. பீடி சிகரெட்டு? கெடையாதுங்க. தண்ணி? எங்க ஊட்டுக்காரி இருக்கற வரைக்கும் நடக்காதுங்க. வெத்தல, பொகையில? தொட்டதில்லீங்க. பெட்ரோல்ல கையி வெப்பீங்களா? "ஏசி ரூமுங்க மேடம்"னேன். கேட்ட கேள்விக்கு அதுதானுங்களே பதிலு?

அப்பறம் பம்புப் புள்ளைகளப் பரிச்சைக்கு அனுப்பற மாதிரி நான் தயாரு பண்ணுனேன் பாருங்க, பெத்த அப்பன் பண்ண மாட்டான். காலைல உப்புத் தண்ணி, சாயங்காலம் உப்புத் தண்ணி. வேப்பங்குச்சி. மேடம் பச்சத் தண்ணில கொப்புளிச்சாப் போதும்னுதான் சொன்னாங்க, படிச்சவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க, நம்ம கன்னம் பளிச்சுன்னு இருந்தா நமக்குத்தான மரியாத? எங்க பாவாயக்கா, பம்புல மூத்தவங்க, அவங்க மட்டும், "ஏ வேலு, கன்னத்துக்கு உள்பக்கத்தச் சொரண்டறாங்களா, பொண்ணு பாக்க வர்றாங்களா?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு எப்பவுமே என்னயக் கண்டா எளக்காரம்.

டெஸ்டு அன்னிக்குக் காலைல ஒரு காரு வந்துச்சு. டீசல் வண்டி. புதுசா வந்த பையன் பாக்காம பெட்ரோலப் போட்டுட்டான். கார்க்காரன் தாண்டிக் குதிக்கறான். எல்லாரும் என்னயப் பாக்கறாங்க. நான் சேர விட்டு எந்திரிச்சு, வேட்டிய மடிச்சுக் கட்டி, ட்யூப டேங்குக்குள்ள உட்டு, வாயில வெச்சு ஒரே இழுப்பு. போட்ட பெட்ரோலு சலசலன்னு வெளிய வந்துச்சு பாருங்க! இந்தக் காலத்துப் பசங்களுக்கு அது வராதுங்க. இழுத்துட்டு அப்பிடியே நின்னு இருமுவானுக. எனக்கு வாயி நெறஞ்சாக் கூட ஒரு சொட்டு உள்ள போவாது, கன்னத்துலயே நிறுத்தி வெச்சிருந்து பக்கத்துல துப்பிருவேன். கார்க்காரன் கையெடுத்துக் கும்புட்டான். எந்த மேனேஜருங்க இத்தன பண்ணுவான்?

ரெண்டு ஏலக்காயப் போட்டு மென்னுட்டு நேராப் போயி மேடம் முன்னால சுத்தமான கூட்டத்துல உக்காந்தேன். குச்சி ஐஸுக் குச்சி மாதிரி ஒண்ணு, அத வெச்சு உள்கன்னத்துல நாலு இழுப்பு. வலியெல்லாம் இல்லீங்க, கூச்சமாத்தான் இருந்துச்சு. கண்ணாடித் துண்டுல தேச்சு எடுத்து வெச்சுக்கிட்டாங்க. "ஏலக்கா வாசமா இருக்குதே"ன்னாங்க. "நமக்கு எப்பவுமே சுத்தமுங்க"ன்னேன்.

கொஞ்ச நாளு கழிச்சு போனு வந்துச்சு. "செங்கோட்டுவேலு, எல்லாத்தையும் விட உங்க கன்னத்துலதான் குட்டி உருண்டைக அதிகமா இருக்குதுங்க, நேர்ல வந்து பேசறேன்." அவ்வளவுதான் சொன்னாங்க. அதிகம்! எல்லாத்தையும் விட! எனக்குத் தல கால் புரியல. பேக்கரிக்கு ஓடி எல்லாருக்கும் தேங்காபன்னு வாங்கிட்டு வந்துட்டேன். பாவாயக்காகிட்டப் போயி, "உங்களுக்கெல்லாம் கொஞ்சந்தான் இருக்குமாட்டக்குது, வெசனப்படாதீங்க, நல்லாச் சாப்புட்டா வந்துரும்"னு ஆறுதல் வேற சொன்னேன். மொதலாளிக்குப் போனப் போட்டு, "நாந்தானுங்க மொதலு"ன்னேன். ஊட்டுக்காரிகிட்டச் சொன்னா, "என்ன உருண்ட அது?"ன்னு கேட்டா. "அதெல்லாம் உனக்குப் புரியாது"ன்னுட்டேன். எனக்கு மட்டும் புரிஞ்சுதாக்கும்!

மேடம் வந்தாங்க. எல்லாரும் தேங்காபன்னத் தின்னுக்கிட்டே சுத்தி நிக்கறாங்க. தனியாப் பேசலாம்னு மேடம் கூப்புட்டாங்க. நாந்தான், "இல்லீங்க மேடம், எல்லாத்துக்கும் தெரியட்டும், நம்ம புள்ளைகதான"ன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன்.

அப்பறம் சொன்னாங்க பாருங்க. நம்ம கன்னத்துல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறையா இருக்குதாம். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு உருண்ட, மரபணு எல்லாம் அதுக்குள்ளதான். அந்த அறை ஒண்ணு ரெண்டாப் பிரியறப்ப, மரபணு அத்தனையும் ஒழுங்கா உருண்டைக்குள்ள போயிறோணும். கெட்டுப் போயிருந்தா ஒரு துணுக்கு வெளிய நின்னுக்குமாம். "இட்லி ஊத்தறப்ப கையி ஆடுனா குழிக்கு வெளிய ஒரு சொட்டு உழுந்து, அது தனியாக் குட்டி இட்லியா வேகுமில்லீங்களா, அந்த மாதிரி. அந்தக் குட்டி எத்தனைக்கெத்தன அதிகமோ, மரபணுவுக்கு அத்தனைக்கத்தன அடி உழுந்திருக்குதுன்னு அர்த்தம்"னாங்க.

பாவாயக்காதான், கையில இருந்த பாதிப் பன்ன எங்கிட்டயே திருப்பிக் குடுத்தாங்க. "நல்லாச் சாப்புடு வேலு, சரியாப் போயிரும்."

நான் உடல. உடுவனா? "மேடம், அப்ப பம்பு ஆளுகள விட ஏசி ரூமு ஆளுக்கு எச்சா இருக்குது. பெட்ரோலுனால ஒண்ணுமில்லன்னு ஆவுதில்லீங்களா?"ன்னேன். கேள்வி சரிதானுங்களே? மேடம் நோட்டப் பொரட்டிப் பாத்தாங்க. "பேங்க்குல இருக்கறவங்களுக்கு ரொம்பக் கம்மி. பம்புல நிக்கறவங்களுக்கு அத விட எச்சா. உங்களுக்கு மட்டும் எப்பிடி இத்தன? உங்க ரூமச் சித்தெ காட்டுங்க"ன்னாங்க.

பெருமையாக் கூட்டிட்டுப் போனேன். அந்த ரூம நான் வெச்சிருக்கற சுத்தத்துக்கு ஊருல எந்த ஆபீசும் நிக்காதுங்க. கதவத் தொறந்தாங்க. ஒரு தும்மலு. இன்னொரு தும்மலு. முந்தானைய மூக்குல வெச்சுக்கிட்டு வெளிய ஓடியாந்துட்டாங்க. "என்னங்க இது, உள்ள இப்பிடி அடிக்குது?"

ஒண்ணுமில்லீங்க, மேசைக்கடியில ஒரு ஹார்லிக்ஸ் பாட்டல்ல பெட்ரோலு வெச்சிருப்பேன். தொடைக்கறதுக்கு. மேச, கால்குலேட்டரு, போனு, சேரோட கைப்புடி, எல்லாம் அதுல ஒரு துணிய நனச்சுத் தொடச்சாக் கண்ணாடி மாதிரி ஆயிரும். ரூவா நோட்டு எண்ணுன கையி பிசுபிசுங்குமில்லீங்களா, ஒரு கிண்ணத்துல ஊத்திக் கையிக் கழுவிக்குவேன். கொசு கடிச்ச எடத்துல ஒரு சொட்டு. கதவச் சாத்தித்தான் வெச்சிருப்பேன், ஏசி வீணாப் போயிருமில்ல, மொதலாளி காசு. இதுல என்னங்க தப்பு? சோப்புப் போட்டா நொர நிக்கும், பெட்ரோலு தானா ஆவியாப் போயிரும். எங்க போவுதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?

இது போதாதுன்னு பாவாயக்கா வேற வந்து, "மேடம், எங்க வேலு ட்யூப வாயில வெச்சான்னா எந்த டேங்கா இருந்தாலும் ஒரே இழுப்புத்தான். சுத்துப்பட்டுல எந்தப் பங்க்குல மாத்திப் போட்டாலும் இவனத்தான் கூட்டிட்டுப் போவாங்க"ன்னு பெருமையா எடுத்து உடறாங்க. பெருமையா சொன்னாங்களா, வேணும்னே சொன்னாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. மேடம் தலையில கைய வெச்சு உக்காந்துட்டாங்க. எதுல தெரியுங்களா? என் சேருல. வெளிய தூக்கியாந்து போட்டிருந்தாங்க.

"இதுனால நாளைக்கே ஏதோ வந்துரும்னு அர்த்தமில்லீங்க. ஆனா ஒடம்பு அடி வாங்கிட்டு இருக்குது. டாக்டரப் பாருங்க. பெட்ரோல விட்டுத் தள்ளி இருங்க"ன்னு மெதுவாத்தான் சொன்னாங்க. சத்தம் போட்டிருந்தாக் கூடச் சண்டைக்குப் போயிருப்பேன். மெதுவாச் சொன்னா என்னங்க பண்றது? அன்னிக்கு ஊட்டுக்குப் போயி நாலு தடவ வாயக் கொப்புளிச்சேன். பயந்தான், வேறென்ன.

மொதலாளி ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்திப் போட்டுட்டாரு. பாட்டலு குப்பைக்குப் போச்சு. ரூமுக்கு சன்னலு வெச்சு, வாசம் போற வரைக்கும் தொறந்து போட்டாங்க. ட்யூப வாயில வெச்சா வேல இல்லன்னு சொல்லி, கையில அமுக்கற பம்பு ஒண்ணு வாங்கிட்டாங்க. புள்ளைகளுக்கு மாஸ்க்கு, கையுற. கோகிலவாணி உள்ள. எனக்குக் காத்தடிக்கற எடங்கூடக் கெடையாது, "பங்க்கு வாசலயே மிதிக்கப்படாது வேலு, நர்சரிக்குப் போ"ன்னுட்டாரு. அந்தப் புள்ள சேருல உக்காந்து கம்பிய இழுக்கத் தெரியாம இழுத்து, டபக்குன்னு கீழ போயிருச்சாம். எங்கிட்டக் கேட்டிருந்தாச் சொல்லிக் குடுத்திருப்பேன். யாரு கேக்கறாங்க?

இதுல பெரிய அநியாயம் எது தெரியுங்களா? அஞ்சாறு மாசங் கழிச்சு மேடம் மறுபடி சொரண்டுனாங்க. நான் நேராவே கேட்டேன். "இப்பக் கூடியிருந்தா?" "கூடியிருந்தா ஆபத்து, பங்க்குக்குப் போவக் கூடாது." "கொறஞ்சிருந்தா?" "கொறஞ்சிருந்தா பெட்ரோலுனாலதான் வந்துச்சுன்னு அர்த்தம், பங்க்குக்குப் போவக் கூடாது." எப்பிடி இருக்குது நாயம்? பூ உழுந்தாலும் அவங்களுக்கு, தலை உழுந்தாலும் அவங்களுக்கு! கொறஞ்சுதான் போச்சு. நல்லாக் கொறஞ்சு போச்சு. மேடம் போன்ல அப்பிடிச் சந்தோசப்பட்டாங்க, என்னமோ அவங்க தம்பிக்கு வேல கெடச்ச மாதிரி. ஊட்டுக்காரி பழனிக்கு நடக்கறேன்னு வேண்டிக்கிட்டா. நான் மட்டும் தென்னங்கன்னுகிட்டப் போயி, "போச்சு சாமி, இனி உங்ககூடத்தான்"னேன். அதுக என்ன சொல்லும்?

ராசிபுரத்துல யாரப் பாக்கப் போறேன்னுங்களா? கோகிலவாணியத்தான். அவங்கம்மா ஊடு அங்கதான். பொம்பளப் புள்ள பொறந்திருக்குது. மூணு கிலோவாம். "மாமா, நீங்க வந்து பாத்தாத்தான் பேரு வெப்போம்"னு போனப் போட்டு ஒரே தொல்ல. சேரப் புடுங்கிக்கிட்ட புள்ள, எனக்கென்ன ஒறம்பரையா, பங்காளியா? இருந்தாலும் போவாட்டி நல்லா இருக்காதில்லீங்க. இந்தப் பையில ஒரு குட்டிப் போர்வ, ஒரு ஜோடிக் காலொற. ஊட்டுக்காரி பச்சக் கலருன்னா, நாந்தான் மஞ்சளு எடுத்தேன்.

ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. என் சட்டையச் சித்தெ மோந்து பாத்துச் சொல்றீங்களா?

அட, தமாசு இல்லீங்க. ஊட்டுக்காரி இன்னும் பெட்ரோலு அடிக்குதுங்கறா. மக இல்லவே இல்லப்பாங்கறா. மக என் மேல இருக்கற பாசத்துல சொல்லுவா, ஊட்டுக்காரி என் மேல இருக்கற கோவத்துல சொல்லுவா. நீங்க வெளியாளு, உள்ளதச் சொல்லிருவீங்க. எனக்கெங்க தெரியுது, எத்தன வருசமா அதுதான் எனக்குக் காத்து. மேடம் சொன்னதையெல்லாம் நான் நம்பிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. ஆனாலும் அது பச்சக் கொழந்தைங்க. போனா மடில குடுப்பாங்க. வேண்டாம்னும் சொல்ல முடியாது. அடிச்சுதுன்னாச் சொல்லிருங்க, வாசல்லயே நின்னு பையக் குடுத்துட்டுத் திரும்பியர்றேன்.

காலருகிட்டப் பாருங்க. இன்னும் பக்கத்துல வாங்க, கண்டக்டரு பாத்தாப் பாத்துட்டுப் போறாரு. ம், நல்லா இழுத்துப் பாருங்க.

அடிக்குதுங்களா?